தோப்புப் பக்கத்து அலைவரிசையும் ஒரு பங்குக் கிணறும்

1. கல்லூரி முடித்து, கோவையில் ஒரு கைப்பேசி நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தேன்.

2. சில ஆண்டுகளில் அங்கே ‘மின் சிக்கனக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். விருப்பம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நான் தூக்கவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள்.

3. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்துக் கோபுரங்களில் வீணாகும் மின்சாரத்தைக் குறைப்பது எங்கள் வேலை. குறைத்தோம்.

4. பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு தோப்புக் கோபுரத்தில் குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்தோம். அதனால், எங்களுக்குத் தெரியாமலே, ஒருவருக்கு ஊரில் கெட்ட பெயர் வந்தது.

5. அதைச் சரிசெய்தோம். சரிசெய்த விதத்தால் எங்கள் தலைவிக்குக் கொஞ்சம் நஷ்டம்.

6. பிறகு எங்கள் வேலையை ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கியது. குழுவைக் கலைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

7. முப்பத்து நாலு வயதில் நான் ஓய்வு பெற்றேன்.

ஏழாவது வரிக்குச் சிரிக்கலாம். என் அம்மாவும் சிரித்தார். ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. வேலையை நான் விடவில்லை, என்னையும் யாரும் விலக்கவில்லை. செய்வதற்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன்.

இதை எழுதக் காரணம் ஹேமா. அந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்குப் பிறகு வந்தவள். நான் இருந்த காலத்தில் அவள் சேரவே இல்லை. சென்ற மாதம் என் எண்ணை எங்கேயோ வாங்கிக் கூப்பிட்டாள்.

“அக்கா, மென்பொருள்ல ஒரு விதி கெடக்குதுங்க. ஒரு கோபுரத்தைத் தூங்க வைக்கறதுக்கு முன்னாடி, எத்தனை நிமிஷம் பேசுனாங்கன்னு மட்டும் பாக்காம, எத்தனை தடவை மணி அடிச்சுதுன்னும் பாக்கணுமாம். யாரு எழுதுனாங்கன்னே தெரியலை. இதை எடுத்துட்டா இன்னும் நெறையா அணைக்கலாம்னு மேல சொல்றாங்க. எடுத்துரலாங்களா?”

“எழுதியே தர்றேன், ஹேமா” என்றேன். இது அந்தப் பதில்.

கோபுரம் என்று நாம் சொல்வது வெறும் இரும்பு. மின்சாரம் குடிப்பவை அதில் மாட்டியிருக்கும் கருவிகள். யாரும் பேசாத நேரத்திலும் சுற்றியுள்ள கைப்பேசிகளுக்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கே மின்சாரம் ஆகிறது. சொல்லிச் சொல்லிக் கருவி சூடாகிறது. சூட்டைத் தணிக்க ஏசி. கரன்ட் போனால் பேட்டரி. பேட்டரி இறங்கினால் டீசல் ஜெனரேட்டர். ஆள் ஏறாத பேருந்தை நாள் முழுக்க ஓட்டுவதைப் போன்றது இது. எந்த நேரத்தில் அதை நிறுத்தி வைக்கலாம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோபுரம் ஏறக் கற்றேன். இறங்கக் கற்க அதைவிட அதிக நாள் ஆனது. கூட வந்த ஆண்களைவிட எனக்குப் பசி அதிகம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

குழுவின் தலைவி ரோசலின் மேடம். வீடு கோவையில் சுங்கம் பக்கம். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம் ஒரு யோசனையைச் சொன்னால், “சரிங்க, இன்னொருக்கா சொல்லுங்க” என்பார். இரண்டாம் தடவை சொல்லும்போது அதில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும். மூன்றாம் தடவை கேட்கும் தேவை, ஒரு நாளைத் தவிர, அவருக்கு வந்ததே இல்லை. சென்னைத் தலைமையகத்தில் இருந்தவர்களிடமும் இதே வாக்கியத்தைச் சொல்வார். அவர்களுக்கு அது பிடிக்காது.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேட்பார். அதுவரை பேனா மூடியோடு மேசையில் கிடக்கும். மூடியைக் கழற்றினால் சம்மதம் என்று பொருள்.

ஒன்று: எதை அணைக்கறோம்?
இரண்டு: அணைஞ்சது யாருக்குத் தெரியும்?
மூன்று: மறுபடி எழுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாம் கேள்விக்கு எங்கள் எல்லோருக்கும் பிடித்த பதில் ஒன்று உண்டு. “யாருக்கும் தெரியாதுங்க மேடம்.” பயன்படுத்துபவர் உணராமல் மிச்சம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் வெற்றி என்று பாடத்திலும் படித்திருந்தோம்.

முதலில் ஏசிகளைக் கழற்றினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சிப் பக்கம் பல மாதங்கள் குளிர்ச்சியாகவே வீசும். வெளியே அந்தக் காற்று அடிக்க, உள்ளே ஏசி ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஏசியை எடுத்துவிட்டு, வடிகட்டி வைத்த விசிறிகளைப் பொருத்தினோம். கோவையிலும் திருப்பூரிலும் நன்றாக வேலை செய்தது. பொள்ளாச்சியில் கருவிகள் ஒவ்வொன்றாகச் சூடேறி நின்றன.

பார்த்து வரப் போனவர் ஜாபர். உக்கடத்துக்காரர், கோபுரங்களின் மின்வேலை முழுவதும் அவர் பொறுப்பு. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார்.

“மேடம், இதுக்குள்ள இருக்கறது கருவிங்களா தேங்கா மட்டைங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க.”

பொள்ளாச்சியைச் சுற்றி எல்லாம் தேங்காய் நார் மில்கள். அந்தத் தூள் மாவுபோல மென்மையானது. எங்கள் வடிகட்டி ஒரு வாரத்தில் செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. கோபுரத்திலிருந்து பார்த்தாலே மில் தெரியும். ஆனால் நாங்கள் கோவையில் உட்கார்ந்து வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தோம். ரோசலின் மேடம் யாரையும் திட்டவில்லை. அன்றிலிருந்து ஒரு நடைமுறை வைத்தார். ஒரு கோபுரத்தில் எதை மாற்றினாலும், மாற்றியவர் பிறகு ஒருநாள் நேரில் போய், அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடக்க வேண்டும், அவ்வளவுதான். நடக்கப்போன இடத்தில்தான் பழனியம்மாளைப் பார்த்தேன்.

ஏசிக்கு அடுத்த கட்டம், தூக்கம். ஒரு கோபுரம் பொதுவாக மூன்று பக்கம் பார்த்து அலை அனுப்பும். ஒவ்வொரு பக்கத்திலும் பழைய டூஜி ஒன்றும் புதிய ஃபோர்ஜி ஒன்றும் இருக்கும். இப்போது எல்லோர் கையிலும் ஃபோர்ஜி கைப்பேசி. ஆகவே கூட்டம் இல்லாத நேரத்தில் டூஜியைத் தூங்க வைத்தால், பேசுபவர்களுக்கு ஒன்றும் குறையாது. தலைமையகம் விதியை அனுப்பியது: நள்ளிரவுக்குப் பிறகும், மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரையும், டூஜியில் பேச்சு நேரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தப் பக்கம் தானாகத் தூங்கலாம்.

அந்த விதியோடு நாங்கள் ஒரு விலக்குப் பட்டியலும் சேர்த்தோம். ஆனைமலைக் கோயிலுக்குக் கூட்டம் வரும் அமாவாசை. பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை நாள். பவானி கூடுதுறையில் ஆடி பதினெட்டு. இதெல்லாம் சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. கூட்டம் சேரும் இடங்களை ஒன்றுவிடாமல் யோசித்தோம். ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

அந்தத் தோப்புக் கோபுரத்தின் முதல் பக்கம் சாலையைப் பார்க்கும். இரண்டாம் பக்கம் நார் மில்களை. மூன்றாம் பக்கம் முழுவதும் தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மலை. மூன்றாம் பக்கத்து டூஜியில் பேச்சு நேரம் ஏறக்குறைய பூஜ்யம். மதியம் ஆனதும் தூங்கிவிடும், ஐந்து மணிக்குத்தான் எழும். எங்கள் வட்டாரத்தில் மிக அதிகம் மிச்சம் பிடித்த பக்கம் அதுதான். வருடாந்தரக் கூட்டத்தில் அதைத்தான் எடுத்துக்காட்டாகக் காட்டப் போவதாக மேடம் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜாபரோடு அங்கே நடந்துகொண்டிருந்தேன். தலையிலும் சேலையிலும் நார்த்தூள் படிந்த ஒரு பெண், கையில் டிபன் தூக்கோடு வரப்பில் வந்தார்.

“ஏனுங்க அம்மணி, நீங்கதான் டவர் ஆபீசருங்களா?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

“எங்க மோட்டாருக்கு மட்டும் டவரை நிறுத்திப்போடறீங்களாமா? அதுக்கு எங்க கொழுந்தனாருகிட்ட எவ்வளவு வாங்கறீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

ஜாபர் சிரித்துவிட்டார். “அக்கா, அப்படி ஒருத்தருக்கு மட்டும் நிறுத்த முடிஞ்சா, எங்க மாமியா ஊட்டுப் போனைத்தானுங்க மொதல்ல நிறுத்துவேன்.”

“சிரிங்க தம்பி. சிரிக்கற காலம் உங்களுது.”

“ஒரு மோட்டாருக்கு மட்டும்லாம் நிறுத்த முடியாதுங்க” என்றேன் நான். அது உண்மையும்கூட.

அவர் டிபன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். பெயர் பழனியம்மாள். பக்கத்து நார் மில்லில் வேலை. கணவர் லாரி ஓட்டுநர், தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வர வாரக்கணக்கு ஆகும். இரண்டு ஏக்கர் தோட்டம். வாடல் நோயில் மரங்கள் போய்விட்டதால் வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் வைத்திருந்தார். கிணறு பங்குக் கிணறு. மறு பங்குக்காரர் கணவரின் தம்பி செல்வராஜ். எங்கள் கோபுரம் நிற்பதும் செல்வராஜ் நிலத்தில்தான். கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர்: இரண்டு நாள் இவர்கள், இரண்டு நாள் அவர்கள். ஒரே மோட்டார் ரூமில் இரண்டு மோட்டார்.

செல்வராஜ் தோட்டத்திலேயே குடியிருக்கிறார். கையால் ஸ்விட்ச் போட்டுக்கொள்வார். பழனியம்மாள் பகலில் மில்லில் இருப்பதால், கைப்பேசியால் ஓடும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். அந்தப் பக்கத்தில் பலரிடம் அது உண்டு. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். உரியவர் எண்ணிலிருந்து மணி அடித்தால் பெட்டி அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓடவிடும். மறுபடி மணி அடித்தால் நிறுத்தும். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரன்ட் அங்கே மதியம்தான் வரும்; மற்ற நேரத்தில் வருவது விளக்குக்கும் இந்தப் பெட்டிக்கும்தான் போதும். மில்லில் சாப்பாட்டு மணி அடித்ததும் இவர் மோட்டாருக்கு மணி அடிப்பார்.

“நாலு மாசமா, எம்முறை அன்னிக்கு அடிச்சா, ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ங்குதுங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து அடிச்சுப் பாத்தா நல்லா எடுக்குது. அப்ப த்ரீ ஃபேஸ் இருக்காது. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளு அவுங்க முறை. லீவு நாளுல எம்முறை வந்தாத்தான் கையால போட்டு ஓட்டறேன். ஸ்டார்ட்டர்காரரு காலைல வந்து பாத்துட்டு பொட்டி நல்லாருக்குதுன்னு போயிட்டாருங்க. ரூம்புக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு கொழுந்தனாருகிட்ட. நான் மில்லுல இருக்கறேன். அப்பறம் யாருங்க அணைக்கறது?”

அதற்குள் பேச்சுக் குரல் கேட்டு செல்வராஜ் வந்துவிட்டார். கொங்குப் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள்.

“நங்கை, டவருக்காரங்ககிட்டயும் சொல்லியாச்சுங்களா? இனி பஸ் ஸ்டாண்டுல மைக்கு வெச்சுச் சொல்றதுதான் பாக்கி.”

பழனியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அவருகூட நான் பேசறதில்லீங்க அம்மணி. வர்ற ஞாயித்துக்கெழமை பெரியவங்க உக்காந்து பேசறாங்க. கெணத்துப் பங்கையும் தோட்டத்தையும் சேத்து வித்துப்போட்டு, மில்லுப் பக்கமே ஊடு பாத்துப் போயிரலாம்னு இருக்கறனுங்க. கன்னு காயறதை என்னால பாக்க முடியலை.”

அவர் காட்டிய திசையில் வரிசையாகக் கன்றுகள். ஓலைகள் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தன.

வண்டியில் திரும்பும்போது மனதுக்குள் வரிசை போட்டேன். குழப்பமான எதையும் நான் அப்படித்தான் யோசிப்பேன். அந்தப் பதிவுக் குரலுக்குக் கருவி உண்மையில் அணைக்கப்பட்டதா என்று தெரியாது. தேடிக் கிடைக்காவிட்டால் அப்படிச் சொல்லும். கிடைக்காததற்குக் காரணங்கள்: கரன்ட் இல்லை, அல்லது சிம் பழுது, அல்லது அந்தக் கருவிக்குப் புரியும் அலை அங்கே இல்லை. கரன்ட் மதியத்தில்தான் முழுதாக இருக்கிறது. சிம் பழுது என்றால் சாயங்காலமும் வேலை செய்யக் கூடாது. மூன்றாவது என்றால்? பெட்டி பழைய ரகம். டூஜி மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அது போனால், ஐந்து மணிக்கு வந்துவிடும்.

கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

“என்னங்க, வாந்தி வருதுங்களா?” என்றார் ஜாபர்.

“இல்லீங்க. அந்தம்மா சொன்னது சரி. டவரைத்தான் நிறுத்தறோம்.”

ஜாபர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மோட்டாருக்கு வரும் அழைப்பை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. மணி அடித்ததும் அது துண்டிக்கப்படும். பேச்சு நேரம் பூஜ்யம். நாங்கள் எண்ணியது பேச்சு நேரத்தை மட்டும். ஆகவே எங்கள் கணக்கில் அந்தத் தோப்பில் யாருமே இல்லை. புகார் ஏன் வரவில்லை? கைப்பேசி வைத்திருப்பவர்கள்தான் புகார் செய்வார்கள். அவர்களுடைய கைப்பேசியில் ஃபோர்ஜி நன்றாக வந்துகொண்டிருந்தது. மற்ற தோட்டக்காரர்கள் அங்கேயே இருப்பதால், பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையால் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் ரோசலின் மேடத்திடம் சொன்னேன். “இன்னொருக்கா சொல்லுங்க” என்றார். சொன்னேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை. மேடம் மறுபடி, “இன்னொருக்கா” என்றார். அவர் மூன்றாம் தடவை கேட்டது அன்று மட்டும்தான்.

“இப்பவே அந்தப் பக்கத்தை எழுப்பிடலாங்க மேடம்” என்றேன். “ஒரு நிமிஷ வேலை. இன்னிக்கு மதியமே மோட்டார் ஓடும்.”

“மோட்டார் ஓடும். அந்த ஆளு?”

“யாருங்க?”

“செல்வராஜ். நாளைக்கு மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சா அந்தம்மா என்ன நெனைக்கும்? டவர் ஆபீசர்கிட்டச் சொன்னோம், பயந்துட்டு அணைக்கறதை விட்டுட்டான்னு நெனைக்கும். ஞாயித்துக்கெழமை பெரியவங்க முன்னாடி அதையே சொல்லும். நாம சத்தமில்லாம சரி பண்ணுனா அவன்தான் செஞ்சான்னு நாமளே முத்திரை குத்துன மாதிரி.”

எனக்கு அது தோன்றவே இல்லை. பழுது நீங்கினால் பிரச்சினை நீங்கும் என்றுதான் என் படிப்பு சொல்லியிருந்தது.

ஆனால் ஒரு தடை இருந்தது. வலைப்பின்னல் கோளாறுகளை வெளியாரிடம் நேரில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு வழியாகத்தான் பேச வேண்டும். அவர்களிடம் இப்படி ஒரு விஷயத்துக்கு வாக்கியமே இருக்காது. அதை நினைவூட்டினேன்.

“தெரியும், நித்யா” என்றார். பிறகு, வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் ஒன்றைச் சொன்னார். “எங்கப்பா அந்தப் பக்கத்துல ஒரு தோப்புல தண்ணி கட்டுன ஆளு. கூலிக்கு. ஒரு தடவை தண்ணிய மாத்தித் திருப்பிட்டாருன்னு பேரு வந்துது. அவரு திருப்பலை. மடை உடைஞ்சிருந்துது. மடைய அடைச்சுட்டாங்க. பேரு அப்படியே நின்னுது. அதோடதான் நாங்க கோயமுத்தூர் வந்தோம்.”

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சனிக்கிழமை மதியம் போவது என்று முடிவானது. மூன்றாம் பக்கத்தை அதுவரை மாற்றாமல் அப்படியே விட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உட்காரப்போகும் பெரியவர்களில் இருவரை ஜாபர் முன்கூட்டியே பார்த்து வரச் சொல்லியிருந்தார். பழனியம்மாள் மில்லில் அரைநாள் கேட்டு வந்தார். செல்வராஜ் மோட்டார் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கன்றுகள் செவ்வாயன்று பார்த்ததைவிட மோசமாக இருந்தன.

எல்லாவற்றையும் மேடமே நடத்தினார். மோட்டார் ரூமைப் பூட்டினோம். இரண்டு சாவிகளையும் பெரியவர் ஒருவர் மேல்துண்டில் முடிந்துகொண்டார். சன்னல் கம்பி வழியாகப் பெட்டி எல்லோருக்கும் தெரிந்தது. கரன்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடம் பழனியம்மாளை அடிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது: அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

“பாத்தீங்களா?” என்றார் பழனியம்மாள், பெரியவரிடம்.

“இருங்க” என்றார் மேடம். கோவை அலுவலகத்தைக் கூப்பிட்டு மூன்றாம் பக்கத்தை எழுப்பச் சொன்னார். பெட்டி அலையைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும்.  

“இப்ப அடிங்க.”

மணி அடித்தது, துண்டானது. உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. குழாய்கள் விறைத்தன. கன்றுகளின் அடியில் சொட்டுச் சொட்டாக மண் கறுத்தது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மேடம் முடிக்கவில்லை. மறுபடி கோவையைக் கூப்பிட்டார். “தூங்க வைங்க.” பழனியம்மாளிடம், “இப்ப மோட்டாரை நிறுத்துங்க, பாக்கலாம்” என்றார்.

பழனியம்மாள் அடித்தார். ‘நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றது குரல். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவிகள் பெரியவர் துண்டில் இருந்தன.

பெரியவர் சன்னல் வழியாக ஒரு முறை பார்த்தார். கைப்பேசியை ஒரு முறை பார்த்தார். “ஓடற மோட்டாரை அணைஞ்சுபோச்சுங்குதே இது” என்றார்.

அப்போதுதான் மேடம் பேசினார். “இவரு அணைக்கலீங்க. நாங்கதான் அணைச்சோம். கரன்ட் மிச்சம் பண்ணறதுக்காக, ஆளு பேசறதை மட்டும் எண்ணிட்டு, மதியத்துல அணைச்சுப்போட்டோம். மோட்டாருக்கு வர்ற மணிய எண்ணலை. அதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்.”

மூன்றாம் பக்கத்தை மறுபடி எழுப்பச் சொன்னார். சில நிமிடம் கழித்து பழனியம்மாள் அடித்தார். மோட்டார் நின்றது.

செல்வராஜ் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. “நீங்க சொல்லீட்டுக் கார்ல ஏறிப் போயிருவீங்க மேடம். நாலு மாசமா ஒருத்தன் எம்மூஞ்சியப் பாத்துப் பேசலை. எங்கண்ணன் போன் பண்ணி, தண்ணியத் திருடித்தான் பொழைக்கணுமாடான்னு கேட்டுப்போட்டான்.”

 

“போனு அப்படிச் சொல்லுச்சுங்களே” என்றார் பழனியம்மாள். அதையும் பெரியவரிடம்தான் சொன்னார்.

“போனு சொல்லுச்சு. நீங்க ஒருக்கா எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமுங்க நங்கை.”

பழனியம்மாள் கைப்பேசியை முந்தானையில் துடைத்தார். பிறகு திரும்பி, நான் பார்க்க முதல் முறையாக, செல்வராஜைப் பார்த்தார். “கேட்டிருக்கணும்” என்றார்.

செல்வராஜ் கட்டிய கையை அவிழ்த்தார்: “எதுக்கு நிறுத்துனீங்க? ஓட்டுங்க. இன்னிக்கு எம்முறைதான். இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் உட்கார்ந்தார்கள் என்றும், தோட்டத்தை விற்கும் பேச்சு எடுக்கப்படவில்லை என்றும் ஜாபர் வந்து சொன்னார்.

வருடாந்தரக் கூட்டத்தில் மேடம் அந்தப் பக்கத்தைக் காட்டத்தான் செய்தார். நாங்கள் மிச்சம் பிடித்ததில் எது மிச்சம் இல்லை என்பதற்கு எடுத்துக்காட்டாக. மணி எண்ணிக்கையையும் விதியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வெளியாரிடம் ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றும் அங்கே கேட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டாம் கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டார். “அணைஞ்சது யாருக்குத் தெரியும்” என்பதோடு “தெரிஞ்சாலும் நம்மகிட்டச் சொல்ல முடியாதவங்க யாரு” என்றும் கேட்கத் தொடங்கினார். அதற்குப் பதில் எழுத எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. சில சமயம் தெரியவில்லை என்றே எழுதினோம். அப்போது மூடி கழலாது.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விதியைச் சேர்த்த பிறகும் எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான பக்கங்கள் தூங்கத்தான் செய்தன. தூங்க வேண்டும். யாருக்கும் உதவாமல் எரியும் கருவியைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்காது. வகுப்பு முடிந்து மின்விசிறியை அணைக்காமல் போகும் பிள்ளைகளை வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிடுகிறேன். தூங்க வைக்கும் முன் எதை எண்ணினோம் என்பது மட்டும்தான் என் கவலை.

ஹேமா, உன் கேள்விக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தோப்பைப் பார்க்கும் பக்கங்களுக்கு நேரில் போய், ஒரு நடை நடந்துவிட்டு வந்து எடு. த்ரீ ஃபேஸ் இருக்கும் நேரத்தில் போ.

இப்போதைய நிலை இது. ரோசலின் மேடம் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கிறார். ஜாபர் அதே வேலையில் இருக்கிறார். பழனியம்மாளும் செல்வராஜும் தண்ணீர் விஷயம் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். விசேஷங்களுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இன்னும் போவதில்லை. கன்றுகளில் காய்ந்தவற்றை மாற்றி வைத்தார்கள், பிழைத்தவை ஆள் உயரம் வந்துவிட்டன. டூஜி முழுவதையும் நிறுத்தும் நாள் ஒருநாள் வரும். அதற்கு முன் புதுப் பெட்டி வாங்கியாக வேண்டும் என்று பழனியம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் வாங்கவில்லை. விதி இன்று வரை மென்பொருளில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்து டூஜி மதியத்தில் விழித்திருக்கிறது.